எல்லோருக்குமான இற்செறிப்பு

நற்றிணையின் 68-ஆம் பாடலில் ஒரு தோழி தாயைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறாள். ஆயத்தாரோடு ஓரையாட விடாமல் இளையோரை வீட்டுக்குள் அடைத்துவைப்பது அறமும் ஆகாது, அதனால் வீட்டின் செல்வமும் தேய்ந்துபோகும் என்பது அவள் வாதம். இதைத் தாயிடம் எடுத்துச்சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் நுரை பொங்கிவரும் புதுநீரில் ஆடப் போகலாம், ஆனால் அவள் விடுவாளா என்று ஏங்குகிறாள். அகப்பாடல் மரபுப்படி இதன் குறி வேறு. வேலிக்கப்பால் நிற்கும் தலைவன் காதில் இது விழவேண்டும், அவன் விரைவில் மணம் பேச வரவேண்டும். எனினும் உட்பொருளைத் தாங்க அவள் தேர்ந்துகொண்ட வெளிப்பொருளை நாம் அலட்சியப்படுத்துவதற்கில்லை. பிள்ளைகளை விளையாட விடாத வீடு உருப்படாது என்ற எண்ணம் கேட்போருக்கு உடன்பாடானதாக இருந்தால்தான் அந்த வாதம் எடுபடும்.

பருவமெய்திய பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திவைப்பதற்குச் சங்க இலக்கியம் தந்த பெயர் இற்செறிப்பு. ஒரு பாலாருக்கு, ஒரு வயதில், ஒரு காரணத்துக்காக நேர்ந்தது அது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அது ஆண், பெண் என்ற பேதமின்றி, தவழும் வயது தொடங்கி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதாகிவிட்டது. இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால் பெரும்பாலோர் கைப்பேசியைச் சுட்டிக்காட்டுவார்கள். கைப்பேசி வந்தபோது பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருந்தார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல முற்படுவது.

*

முதலில் அவர்கள் எங்கே விளையாடினார்கள் என்று பார்க்கலாம்.

கலித்தொகையின் 51-ஆம் பாடலில் தலைவி தன் தோழியிடம் பழங்கதை ஒன்றை நினைவூட்டுகிறாள். தெருவில் தாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்து, கூந்தலில் சூடிய மாலையைப் பறித்து, வரிப்பந்தையும் பிடுங்கிக்கொண்டு ஓடிய பட்டிப்பயல் ஒருவனைப் பற்றியது அக்கதை. வீடு கட்டத் தெருவில் மணல் இருந்தது, அதைக் கட்டிமுடிக்கும்வரை அவ்வழியே ஒன்றும் வந்து நசுக்கவில்லை என்பதும் அப்பாடல் போகிற போக்கில் தரும் செய்தி. பட்டினப்பாலையில் சோழநாட்டு நெய்தல் குடியிருப்பின் காட்சி ஒன்று உண்டு. உலரும் உணவைக் கொத்த வரும் கோழியை விரட்ட ஒரு பெண் தன் பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அது வழியில் கிடந்து, சிறுவர்கள் குதிரையின்றி உருட்டிவரும் மூன்றுகால் சிறுதேரைத் தடுக்கிறது. உரையாசிரியர்கள் இதில் சோழநாட்டின் வளத்தைக் கண்டார்கள். அந்தத் தெருவில் தேருக்கு வேறு தடையே இல்லை என்பதையும் நாம் காணலாம்.

புறநானூற்றின் 243-ஆம் பாடலில் தொடித்தலை விழுத்தண்டினார் கோலூன்றி இருமிக்கொண்டு, போன இளமையை எண்ணி இரங்குகிறார். அவர் நினைவுக்கு வருபவை மணற்பாவைக்குப் பூச்சூட்டியது, குளத்தில் பெண்பிள்ளைகளோடு கைகோத்து ஆடியது, நீரின்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையிலேறித் துடுமெனக் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டியது ஆகியவையே. நற்றிணையின் 172-ஆம் பாடலோ இன்னொரு வகை. மணலில் காய் மறைத்து விளையாடிய சிறுமியர் மறந்துவிட்டுப்போன விதை ஒன்று முளைத்துப் புன்னைமரமாகிறது. பாலும் நெய்யும் வார்த்து வளர்க்கப்பட்ட அந்த மரத்தைத் தாய் அவர்களுக்குத் தங்கை என்கிறாள். ஆகவே அதன் நிழலில் காதலனோடு சிரித்துப்பேச நாணமாக இருக்கிறது.

இவற்றையெல்லாம் பிற்காலத்தில் ஒரு முறைக்குள் கொண்டுவந்தது பிள்ளைத்தமிழ். காப்பில் தொடங்கும் பத்துப் பருவங்களில் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் ஆகியவை தொட்டிலையும் மடியையும் சுற்றியவை. வருகையில் குழந்தை நடக்கிறது. அம்புலியில் முற்றத்துக்கு வந்து வானத்தைப் பார்க்கிறது. ஆண்பாலுக்குரிய கடைசி மூன்றான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவை வீட்டுக்கு வெளியே நிகழ்பவை. பெண்பாலுக்கு அவற்றின் இடத்தில் அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை வரும்; அவற்றிலும் நீராடல் ஆற்றங்கரைக்கு உரியது. வளர்வது என்பது படிப்படியாக வெளியே வருவது என்ற கருத்து இந்த வரிசையிலேயே இருக்கிறது. இன்றைய குழந்தைக்கு ஒரு பிள்ளைத்தமிழ் பாடப் புகுந்தால், அம்புலிப் பருவத்தோடு பலகணி ஓரத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

*

இவ்வளவு சொன்னபிறகு ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. பழைய தெருவைப் பொற்காலமாகக் காட்டும் கட்டுரைகள் தமிழில் ஏராளம். தெரு எல்லோருக்கும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதை அவை மறந்துவிடுகின்றன. சேரிப் பிள்ளைகள் ஊர்த்தெருவில் காலடி வைக்க முடியாத காலத்தில் அங்கே கிட்டிப்புள் ஆடியிருக்க முடியாது. பூப்பெய்திய மறுநாளே பாண்டிக் கட்டங்கள் பெண்ணுக்கு அந்நியமாயின. வெளியில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வதும் சரியல்ல. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) நாவலின் சிறுவர்கள் நாள் முழுவதும் மேய்ச்சல் காட்டில்தான் இருக்கிறார்கள். ஆனால் பண்ணைக்காரரின் ஆடுகளை மேய்க்கும் அடிமைகளாக இருக்கிறார்கள். விளையாட்டு அவர்களுக்கு வேலையிலிருந்து திருடிக்கொண்ட நேரம். சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டித் தொழிலில் உழைத்த பிள்ளைகளுக்கு அந்தத் திருட்டுக்கும் வழியில்லை.

ஆகவே பிள்ளைகள் கூரைக்குள் வந்ததில் ஒரு பகுதி போராடிப் பெற்ற நன்மை. 1953-இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் மீதி நாளைப் பெற்றோரின் தொழிலுக்கு ஒதுக்கியது. அதைக் குலக்கல்வி என்று தமிழகம் எதிர்த்தது, 1954-இல் காமராசர் அரசு கைவிட்டது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் வந்தது. மேய்ச்சல் காட்டிலிருந்து வகுப்பறைக்கு வந்த பிள்ளைக்குக் கூரை விடுதலையாகவே இருந்தது. அதை நாம் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் மாலை நான்கு நான்கரை மணிக்கு மணியடித்துப் பிள்ளைகளை வெளியே விட்டது. பாப்பாவுக்குப் பாடிய பாரதியும் காலையைப் படிப்புக்குக் கொடுத்து மாலை முழுவதையும் விளையாட்டுக்கு விட்டுவைத்திருந்தார். நாம் இழந்திருப்பது அந்த மாலைப்பொழுதைத்தான்.

மாலை மட்டுமன்று, முன்னிரவும் பிள்ளைகளுக்கு உரியதாக இருந்தது. தேவநேயப் பாவாணர் 1954-இல் வெளியிட்ட 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூலில் விளையாட்டுகளைப் பகலாட்டு, இரவாட்டு, இருபொழுதாட்டு என்று பகுத்தார். இருட்டில் ஆடுவதற்கென்றே தனி ஆட்டங்களும், அவற்றுக்குத் தனித் தலைப்பிட வேண்டிய தேவையும் அன்று இருந்தன. இன்று எழுதப்படும் ஒரு நூலுக்கு அந்தப் பிரிவு தேவைப்படாது.

*

மாலை எவ்வாறு பறிபோயிற்று?

முதலாவது, மண். கோலிக்குக் குழி வேண்டும், கிட்டிக்குப் பள்ளம் வேண்டும். பாண்டிக் கட்டத்தை ஓட்டுச்சில்லால் கீறத் தரை இடம்தர வேண்டும். விளையாட்டுப் பொருள்களும் மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தன: புளியங்கொட்டை, கச்சக்காய், கூழாங்கல், உடைந்த ஓடு. தெரு தார்ச்சாலையாகி, பின்பு வீட்டு வாசல்வரை சிமெண்டு வந்தபோது இந்த விளையாட்டுகள் யாரும் தடைசெய்யாமலே நின்றன. சேறும் புழுதியும் நீங்கியது நன்மைதான். அதற்குக் கொடுத்த விலையை யாரும் கணக்கிடவில்லை. சிமெண்டுத் தரையிலும் உயிர்பிழைத்த ஆட்டம் கிரிக்கெட். 1983 உலகக் கோப்பை வெற்றி அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது உண்மை. ஆயினும் அதற்குக் கெட்டித்தரையும் சுவரில் வரைந்த மூன்று கோடுகளும் போதுமாயிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வாகனம். ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 சந்தைக்கு வந்தது 1980-இல். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். மாட்டுவண்டியும் மிதிவண்டியும் வந்த தெருவில் ஆட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, வழிவிட்டுத் தொடரலாம். மோட்டார் வாகனம் வேகத்தால் மட்டுமன்றி, நிற்பதாலும் இடத்தைத் தின்றது. தமிழ்நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை இப்போது 3 கோடிக்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நாளின் பெரும்பகுதி நேரம் எங்கோ நின்றுகொண்டிருப்பவை. நிற்கும் அந்த இடம் பல ஊர்களில் முன்னாள் ஆடுகளம்.

மூன்றாவது, பொதுநிலம். ஊரின் விளையாட்டிடங்கள் அந்தப் பெயரில் எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை. அவை மந்தை, களம், கோடையில் வற்றிய கண்மாய், கோயில் திடல், யாருடையது என்று தெரியாத மனை. பெயரில்லாததால் அவற்றை எடுத்துக்கொள்வது எளிதாயிற்று. 1951-இல் தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நகரவாசி, 2011-இல் 48.4 விழுக்காட்டினர். நகரம் விரிந்தபோது ஏரியும் கண்மாயும் மனைப்பிரிவுகளாயின. அரசே வழிகாட்டியது. சென்னையில் 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பினார்கள். மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004-இல் அமர்ந்ததும் உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான். பனகல் பூங்காவைப் போலச் சில இடங்களில் ஈடாகப் பூங்கா கிடைத்தது. ஆனால் பூங்கா வேறு, திடல் வேறு. சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் (1966) காற்றாடிமரத் தோப்பை அழித்துவிட்டு அங்கே பூங்கா அமைக்கிறார்கள். அந்தக் கிண்டல் இன்னும் பழசாகவில்லை. பந்தாடக்கூடாது, புல்லை மிதிக்கக்கூடாது என்ற பலகைகளோடு திறக்கப்படும் இடம் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்கானது.

நான்காவது, தேர்வு. 1978-இல் மேல்நிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தது. 1984-இல் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட். ஒரு பதின்மவயதினரின் மதிப்பெண் குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கும் என்ற நம்பிக்கை இக்காலத்தில் உறுதிப்பட்டது. அது வெறும் நம்பிக்கையுமன்று. பல குடும்பங்களுக்கு அதுவே அனுபவம். நிலமோ கடையோ இல்லாத வீட்டில் பிள்ளையின் மாலை ஒன்றே முதலீடு செய்யத்தக்க சொத்தாக இருந்தது. தனிப்பயிற்சி பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து கீழிறங்கித் தொடக்கப்பள்ளிவரை வந்தது. தொலைவிலுள்ள ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பேருந்தில் போய்வரும் பிள்ளைக்கு இன்னொரு இழப்பும் உண்டு. பக்கத்துவீட்டுப் பிள்ளை வேறு பள்ளி, வேறு பேருந்து, வேறு நேரம்.

ஐந்தாவது, எண்ணிக்கை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 1992-93 தேசியக் குடும்பநல ஆய்வில் ஏறத்தாழ 2.5. 2019-21 ஆய்வில் அது 1.8. பெண்களின் உடல்நலத்துக்கும் கல்விக்கும் இது பெரும் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் கிளித்தட்டுக்கு இரண்டு அணி வேண்டும். பத்து வீட்டுக்கு முப்பது பிள்ளைகள் இருந்த தெருவில் தானாகச் சேர்ந்த கூட்டம், பதினைந்து பிள்ளைகளும் பதினைந்து கால அட்டவணைகளும் உள்ள தெருவில் சேர்வதில்லை.

இத்தனைக்கும் பின்னர்தான் திரை வருகிறது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. சன் தொலைக்காட்சி 1993-இல். அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006-இல். மலிவான இணையத்தோடு திறன்பேசி பரவியது 2016-க்குப் பிறகு. 2020-இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடி, அதுவரை பிடுங்கிவைக்கப்பட்ட கைப்பேசியையே பள்ளிக்கூடமாக்கிப் பிள்ளையின் கையில் திணித்தது. திரை குற்றமற்றது என்று நாம் சொல்லவில்லை. விடாமல் பிடித்துவைக்கவே திட்டமிட்டுச் செய்யப்பட்ட பொருள் அது. ஆனால் அது வந்தபோது மாலை ஏற்கெனவே காலியாகியிருந்தது. கைப்பேசியைப் பிடுங்கிவிட்டு வெளியே போ என்று சொல்லும் பெற்றோர், எங்கே என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் விடைசொல்ல இயலாது.

*

இது தமிழரின் தனித்துயரமன்று. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு 146 நாடுகளைச் சேர்ந்த 16 லட்சம் மாணவர்களின் தரவுகளைத் திரட்டியது. 11 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 81 விழுக்காட்டினருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று அது கண்டது. பையன்களில் 78, பெண்களில் 85. இற்செறிப்பின் பழைய வடிவம் இன்னும் புதியதற்குள் உயிரோடிருப்பதை அந்த வேறுபாடு காட்டுகிறது.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் உடன் ஆய்வாளர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. 7, 8 வயதுக் குழந்தைகளில் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றவர்கள் 1971-இல் 80 விழுக்காடு. 1990-இல் 9 விழுக்காடு. அதே காலத்தில் சாலை விபத்தில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அரசு பெருமைப்பட, பிள்ளைகள் சாலையை விட்டு விலக்கப்பட்டதாலேயே அந்தக் குறைவு என்று ஹில்மன் காட்டினார். அச்சம் தன் வேலையைச் செய்து முடித்தபின் புள்ளிவிவரம் அழகாகிவிடுகிறது. நம் பெற்றோரின் அச்சமும் பொய்யன்று. வாகனத்தையும், பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களையும் அவர்கள் கற்பனை செய்துகொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு வீடும் தனித்தனியே கதவடைக்கும்போது, தெருவில் மிஞ்சும் கடைசிப் பிள்ளை உண்மையாகவே தனித்துப்போகிறது. கண்காணித்த கண்களும் குறைந்துவிடுகின்றன.

வேறு வழியும் இருந்தது. நெதர்லாந்தில் 1972-இல் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. ஆம்ஸ்டர்டாமின் ஒரு நெருக்கடியான குடியிருப்பில் சிறுவர்களே தெருவை மறித்து விளையாட்டுத் தெரு கேட்டார்கள். நடப்போரும் பிள்ளைகளும் முதலுரிமை பெற்று, வாகனம் நடைவேகத்தில் ஊர்ந்துசெல்லும் குடியிருப்புத் தெருக்களுக்கு 1976-இல் அங்கே சட்ட ஏற்பு கிடைத்தது. இழப்பு எங்கும் விதியால் நேர்ந்ததன்று, முடிவுகளால் நேர்ந்தது என்பதற்கு இது சான்று.

*

இழந்தது என்ன? உடற்பயிற்சி என்று சொல்வோர் பாதிதான் சொல்கிறார்கள். பகல்வெளிச்சத்தில் கழியும் நேரம் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுகிறது என்று கண் ஆய்வுகள் சொல்கின்றன. 2010-இல் தைவான் தன் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியே அனுப்பத் திட்டம் வகுத்தது. இவற்றைப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாலும் ஓரளவு ஈடுகட்டிவிடலாம். ஈடுகட்ட முடியாத ஒன்று உண்டு.

தெருவிளையாட்டில் 'ஒப்புக்குச் சப்பாணி' என்று ஒரு பதவி இருந்தது. வயதில் மிகச் சிறிய பிள்ளையை, அக்காவின் இடுப்பிலிருந்து அப்போதுதான் இறங்கியதை, ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடலாம், பிடிபடலாம், கத்தலாம். ஆனால் அதன் ஆட்டம் கணக்கில் வராது. பெரிய பிள்ளைகளின் ஆட்டமும் கெடாது, சின்னதும் அழாது. இந்த ஏற்பாட்டை எந்த ஆசிரியரும் வகுத்துத்தரவில்லை. நடுவரில்லாத ஆட்டத்தில், விதியை மீறியவனை என்ன செய்வது, 'காய்' விட்டவனோடு எப்போது 'பழம்' விடுவது, அழுகுணி ஆட்டம் ஆடுபவனை எதுவரை பொறுப்பது என்பதையெல்லாம் பிள்ளைகள் தாமே தீர்த்துக்கொண்டார்கள். ஆட்டம் தொடரவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக விட்டுக்கொடுத்தார்கள். கட்டணம் வாங்கும் பயிற்சி முகாமில் ஒப்புக்குச் சப்பாணிக்கு இடமில்லை. அங்கே பிள்ளைகள் வயதுவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள், விசில் பயிற்சியாளரின் வாயில் இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. திடல் உள்ள பள்ளிகளிலும் மாலையில் வாயிற்கதவு பூட்டப்படுகிறது. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்கள் ஒன்பதைத் தனியார்வசம் ஒப்படைத்துக் கட்டணம் வசூலிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்ப்பு எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சிறிய செய்திதான். ஆனால் விளையாடும் இடம் பொதுச்சொத்து என்று நினைப்போர் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் கிடைக்கவும் கூடும் என்பதை அது காட்டியது.

நற்றிணைத் தோழி எடுத்துச்சொல்ல ஆள் தேடியது தாயிடம். இன்று வீட்டுக் கதவுக்கு உள்ளே நிற்கும் தாயிடம் சொல்லிப் பயனில்லை. அவள் கையில் இருப்பது கதவு மட்டுமே. சொல்லவேண்டியது மாலையில் திடலைப் பூட்டும் பள்ளியிடம், ஏரியை மனையாக்க ஒப்புதல் தரும் அலுவலகத்திடம், தெருவை வாகன நிறுத்தமாக வைத்துக்கொண்டிருக்கும் நம்மிடம்.